ஒட்டுக்கட்டி அண்ணனின் டிபன் கேரியர்

மலாக்கா மாநிலத்திலேயே "அழிச்சிட்டேன்" என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் பயந்த மனிதர் ஒட்டுக்கட்டி அண்ணன்தான். பாம்புக்குப் பயப்பட மாட்டார். பேய்க்குப் பயப்பட மாட்டார். எங்கள் பாஸுக்கே பயப்பட மாட்டார். ஆனால் கம்ப்யூட்டரில் யாராவது ஒரு பழைய கோப்பை அழித்துவிட்டால் போதும், முகம் வெளுத்து, உட்கார ஒரு நாற்காலி தேடுவார். அவரோடு வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அதிர்ச்சியிலேயே வாழ்ந்தேன். இப்போது நினைத்தாலும் ஒருமுறை தூக்கிவாரிப் போடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பாஸ் அதற்கு முன்பு தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிவிட்டு, அதே மேசைகளில் கம்ப்யூட்டரை வைத்து, வாசலில் சாஃப்ட்வேர் கம்பெனி என்று பலகை மாட்டிவிட்டார். நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது கல்யாணப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். பெயர் 'மங்கலம்'. பாசார் சந்தைப் பக்கத்தில் இருந்த ஒரு ஜோசியர்தான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவர் வாயால் சொன்னால் நம்பாமல் இன்னொரு ஜோசியரைத் தேடிப் போகிற ஜனங்கள், அதையே இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் கரகரவென்று அச்சடித்துக் கொடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கிப் போனார்கள். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதே!

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, நல்ல பிள்ளையாக, மங்கலத்தின் பழைய பிரதி ஒன்றை அழித்தேன். என் பின்னாலிருந்து ஓர் அலறல் வந்தது. கீழே சைக்கிள் கடைச் சீனர் கையில் ஸ்பானரோடு மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

"கொலை பண்ணிட்டியே தங்கச்சி!"

நான் பயந்துபோய் எழுந்து நின்றேன். "பழசுதானேண்ணே? புதுசுதான் இருக்கே?"

"பழசா? உங்கப்பா அம்மா கல்யாண போட்டோவக் கிழிச்சிட்டு, 'அதான் நான் இருக்கேன்ல'ன்னு சொல்லுவியா? சொல்லு!"

அப்படியே தன் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்தார். கோபத்தில் பசி எடுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மூடியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை, குழம்பு இல்லை. வரிசையாக டிஸ்கெட்டுகள். அதில் ஒன்றை எடுத்துப் போட்டு நான் கொன்றதை உயிர்ப்பித்துவிட்டு, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஸ்பானர் சீனர் "அலாமாக்" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் வேலை செய்தவராம். ஒரு கன்றின் பட்டையைச் சீவி, வேறொரு நல்ல மரத்தின் மொட்டை அதில் பொருத்தி, வாழைநாரால் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டுகிற வேலை. அண்ணன் அதே வேலையைத்தான் மென்பொருளில் செய்வதாகச் சொல்லிக்கொள்வார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் கம்பெனி நடந்த லட்சணத்தைச் சொன்னால்தான் இது புரியும். மங்கலத்தின் மூலப் பிரதி ஒரே ஒரு கட்டு டிஸ்கெட்டுகளாக, பாஸின் மேசை டிராயரில் இருக்கும். ஒருவர் அதை எடுத்து வேலை பார்த்தால் மற்றவர்கள் கோப்பி குடிக்க வேண்டும். ஒருமுறை பாஸ் டிராயர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட, கம்பெனியே விடுமுறையில் இருந்திருக்கிறது.

அண்ணன் வந்ததும் சட்டத்தை மாற்றினார். மங்கலம் முழுவதும், அது பிறந்த நாளிலிருந்து பட்ட எல்லா மாற்றங்களோடும், எல்லோரிடமும் இருக்க வேண்டும். பாஸிடம் ஒன்று, மோகனிடம் ஒன்று, பிறகு வந்த என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. மோகன் என் பக்கத்து மேசைப் பையன், என் வயதுதான். அவரவர் வீட்டில், அவரவர் பிரதியில், யாரையும் கேட்காமல் இஷ்டத்துக்கு மாற்றலாம். சனிக்கிழமை அண்ணன் தன் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார். ஒவ்வொருவருக்கும் ஓர் அடுக்கு. எல்லோருடைய மாற்றங்களையும் வாங்கிப்போய், ஒட்டுக் கட்டி, ஒன்றாக்கி, திரும்ப எல்லோருக்கும் கொடுப்பார்.

பாஸுக்கு இது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"இதுல எதுப்பா ஒரிஜினல்?"

"எல்லாமே ஒரிஜினல்தான் பாஸ்."

"அப்ப என் கிட்ட இருக்கிறது?"

"அதுவும் ஒரு கிளைதான்."

"நான் முதலாளிலா!"

"நீங்களும் ஒரு கிளைதான் பாஸ்."



எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். அப்போது நாங்கள் தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். அப்பா தோட்ட லாரி ஓட்டுநர். முதல் சனிக்கிழமை டிபன் கேரியரோடு வந்து நின்ற மனிதரைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வாங்க தம்பி, பசியாறிட்டுப் போங்க. என்னா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அடுக்கைக் கழற்றிவிட்டார். உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சதுரத் தகடுகள். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "இதையா திங்கிறாரு இந்த மனுசன்? வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு இடியாப்பம் கட்டாயமாகிவிட்டது.

எந்த மாற்றம் செய்தாலும் பெயர் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்பது அண்ணனின் இன்னொரு சட்டம். "பேர் இல்லாத மாத்தம் மொட்டைக் கடுதாசி மாதிரி தங்கச்சி." மோகன் ஒருமுறை காரணம் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதிவிட்டான். சனிக்கிழமை அண்ணன் அவன் வீட்டு வாசலிலேயே மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், "சும்மான்னா என்னாலா? சும்மா யாராவது எதையாவது செய்வானா?" என்று தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறார். அண்டை வீட்டார் எல்லாம் மோகன் ஏதோ பெண் விவகாரத்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டார்கள்.

இந்த வியாதி அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ சொல்வார், பிறகு கோப்பியாக மாற்றுவார், மாற்றிவிட்டு, "மொதல்ல சொன்னதையும் ஞாபகம் வச்சுக்கங்க, சரியில்லன்னா அதுக்கே திரும்பிப் போயிடுவேன்" என்பார். மீசையை எடுத்தபோது, எடுப்பதற்கு முந்தைய பாஸ்போர்ட் படத்தை மேசையில் ஒட்டி வைத்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, புதுவிதமாக மீன் குழம்பு வைத்த அன்று, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அலுவலகத்துக்குள் அவர் நுழைந்ததும் புளி வாடை.

"அக்கா எதைண்ணே ஊத்துனாங்க? பழைய குழம்பா, புதுசா?" என்று மோகன் கேட்டான்.

"ரெண்டும்தான். ஒட்டுக் கட்டி ஊத்திட்டா" என்றார் அண்ணன், ஒருவிதப் பெருமையோடு.

ஆனால் மனிதரிடம் ஒரு வித்தை இருந்தது. மோகனும் அவன் அண்ணனும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருந்த சமயம். டிஸ்கெட் மாற்றப் போன ஒட்டுக்கட்டி அண்ணன் இரண்டு பேரையும் பிடித்து எதிரெதிரே உட்கார வைத்தார். யார் சரி, யார் தப்பு என்று கேட்கவே இல்லை.

"ரெண்டு பேரும் ஒத்துப்போன கடைசி இடம் எது? அத மட்டும் சொல்லுங்க."

இருவரும் முறைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போனார்கள். பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்று முடிவு செய்தது வரைக்கும் ஒற்றுமையாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

"சரி. அங்கேர்ந்து நீ என்னா மாத்துன? நீ என்னா மாத்துன?"

மோகன் பெரிய டிவியாக வேண்டும் என்றிருக்கிறான். அவன் அண்ணன் டிவி முன் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்றிருக்கிறான்.

"ஒண்ணு இன்னொண்ணத் தொடவே இல்லையேலா! பெரிய டிவி, முன் ஹால். முடிஞ்சது. இடியாப்பம் ஆறுது, நான் போவணும்" என்று மோட்டாரை உதைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் என் கல்யாணத்துக்குள் நுழைந்ததுதான் கதை.

சுங்கை ரம்பாயில் மோட்டார் பட்டறை வைத்திருந்த செல்வம் என்பவருக்கு என்னைப் பார்த்தார்கள். அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன்தான் வளர்த்தவர், அவர் சொல்லே வீட்டில் சட்டம். ஜோசியரிடம் போய்ப் பொருத்தம் பார்த்தார்கள். எங்கள் மங்கலம்தான் அச்சடித்தது: எனக்கு ரோகிணி, அவருக்குச் சித்திரை, பொருத்தம் உத்தமம். பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். பரிசம் போட நாள் குறித்தாயிற்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆளை ரொம்பப் பிடித்திருந்தது. நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு வந்து, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே பலகாரம் சாப்பிட முயன்றவரை யாருக்குத்தான் பிடிக்காது?

செல்வத்தின் மாமா ஜாக்கிரதையான மனிதர். சாமி அறையில் வைப்பதற்குப் புதிதாக ஒரு பிரதி வேண்டும் என்று ஜோசியரிடம் மறுபடி போனார். இதற்கிடையில் நாங்கள் ஜோசியருக்கு மங்கலத்தின் புதிய பதிப்பைக் கொடுத்திருந்தோம். கரகரவென்று அச்சாகி வந்தது: எனக்கு மிருகசீரிடம், அவருக்குச் சித்திரை, ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, மாப்பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

பிறந்ததிலிருந்து ரோகிணிக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மிருகசீரிடமாகிவிட்டேன்! அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரில நேரம் பாத்து, பஞ்சாங்கத்தப் பாத்து எழுதுனதுங்க" என்று அப்பா போனில் கெஞ்சினார். மறுமுனையில் மாமா சொன்ன பதில் எனக்கே கேட்டது. "கம்ப்யூட்டரு தப்பா சொல்லுமா? பரிசம் வேணாம். என் புள்ள உசுரோட இருந்தா போதும்."

நான் எழுதுகிற மென்பொருள், என் கல்யாணத்தையே நிறுத்திவிட்டது. அழுவதா, பிழை தேடுவதா என்று தெரியாமல் அலுவலகத்துக்கு ஓடினேன்.

அண்ணன் மேசைக்குக் கீழே குனிந்தார். டிபன் கேரியரைத் திறந்து அடுக்குகளை வரிசையாக வைத்தார். பாஸின் பிரதியில் என் பிறந்த நேரத்தைப் போட்டார். ரோகிணி. மோகனின் பிரதியில் போட்டார். ரோகிணி. தான் ஒட்டுக் கட்டியதில் போட்டார். மிருகசீரிடம். அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியை நான்தான் இழுத்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் மலேசிய நாட்டுக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள் அல்லவா? அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும்போது, பிறந்த நேரத்தோடு அந்த அரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மங்கலம் அதைச் செய்யவில்லை என்பது மோகனுக்குத் தெரிந்திருக்கிறது, அவன் வீட்டுப் பிரதியில் ஓர் இடத்தில் கூட்டிவிட்டான். அதே வாரம் பாஸுக்கும் தெரிந்திருக்கிறது, தன் பிரதியில் வேறோர் இடத்தில் கூட்டிவிட்டார். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருந்ததால், ஒட்டுக் கட்டும்போது இரண்டும் சண்டையில்லாமல் உள்ளே வந்துவிட்டன. அரை மணிக்குப் பதில் ஒரு மணி. நான் ரோகிணி முடிகிற நேரத்தில் பிறந்தவள். அந்த அதிகப்படி அரை மணி என்னை அடுத்த நட்சத்திரத்துக்குள் தள்ளிவிட்டது.

"ரெண்டு பேரும் செஞ்சது சரிதான்" என்றார் அண்ணன் மெதுவாக. "சேத்ததுதான் தப்பு. சேத்தவன் நான்."

பாஸ் கதவைச் சாத்தினார். "இங்க பாருங்க. ஜோசியர் காதுக்கு இது போனா கம்பெனி காலி. வைரஸ்னு சொல்லிடலாம். பழசு எல்லாத்தையும் அழிச்சிட்டு, சரியான ஒண்ண மட்டும் வச்சுக்குவோம்."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒட்டுக் கட்டுன மரத்துல தழும்பு இருக்கும் பாஸ். எங்கப்பா தடவிக் காட்டுவாரு. தழும்ப மறைச்சா, நாளைக்கு எந்த இடத்துல கோளாறுன்னு எவனுக்குத் தெரியும்? அதோட நீங்க இங்க அழிச்சாலும் நாலு வீட்டுல இருக்கு."

"அப்ப என்னா செய்யப் போற?"

"சுங்கை ரம்பாய்க்குப் போறேன். எல்லாத்தையும் காட்டப் போறேன்."

எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும். ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிள் கடையில் வாங்கிய பழைய டியூபால் கம்ப்யூட்டர் பெட்டியைக் கப்சாய் மோட்டாரின் முன்னால் கட்டினார். திரையைக் கைலியில் சுற்றிப் பின் இருக்கையில் கட்டி, அடிபட்டுவிடக் கூடாது என்று அதற்கு ஒரு ஹெல்மெட்டும் மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் தாலி கட்டிய மனைவியோடு கோயிலுக்குப் போகிற மாதிரி இருந்தது. நானும் அப்பாவும் பஸ்ஸில் கிளம்பினோம். அம்மா வழிமறித்தார். "பரிசம் நின்னு போன வீட்டுக்குப் பொண்ணே போறதா? ஊரு சிரிக்கும்டி!"

"நான் பொண்ணா போகலம்மா. புரோகிராமரா போறேன்."

அம்மா அதிர்ந்து நின்ற இடைவெளியில் நான் படியிறங்கிவிட்டேன்.

சுங்கை ரம்பாய் வீட்டில் மாமா, அவர் மனைவி அத்தை, மூலையில் செல்வம். ஹால் நடுவில் பூஜைக்குப் போல மணைபோட்டு அண்ணன் கம்ப்யூட்டரை வைத்தார். டிபன் கேரியரைப் பார்த்ததும் அத்தை தட்டு எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தட்டோடு நின்றார்.

அண்ணன் மங்கலத்தின் முதல் பிரதியிலிருந்து தொடங்கினார். அது, என்ன நட்சத்திரம் கொடுத்தாலும் உத்தமம் என்றது. இரண்டாவது பிரதி, உலகத்தில் யாருக்கும் யாரோடும் பொருத்தமில்லை என்றது. மூன்றாவது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாற்றிப் போட்டு, செல்வத்துக்கு எந்த மாதம் குழந்தை பிறக்கும் என்று சொன்னது. மாமாவின் கண்கள் விரிந்துகொண்டே போயின. "இதையா நாங்க கன்னத்துல போட்டுக்கிட்டோம்?" என்றார் பலவீனமாக.

"இதெல்லாம் முளைக்கறப்ப இருந்த கோணல் மாமா. அப்பறம் நிமித்திட்டோம்" என்று சொல்லி, கடைசியாகப் பாஸின் பிரதியைக் காட்டினார், மோகனின் பிரதியைக் காட்டினார், ஒட்டுக் கட்டியதைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பெயரும் காரணமும் திரையில் வந்தன. மோகன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். பாஸ் எழுதியிருந்தது: 'சும்மா'.

மாமாவுக்கு அரை மணி விவகாரம் விளங்கவில்லை. "ஒருத்தன் தள்ளுனா சரி, ரெண்டு பேரு தள்ளுனா தப்பா? அது எப்படி?"

தட்டோடு நின்ற அத்தை திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் விளங்கல? அந்த வருசம் டைம் மாத்துனப்ப நம்ம சுவர் கடிகாரத்த நீங்களும் தள்ளி வச்சீங்க, நானும் தள்ளி வச்சேன், மறந்துட்டீங்களா? எல்லாரையும் எழுப்பிக் குளிக்க வச்சு, பஸ்ஸு ஸ்டாண்டுல இருட்டுல கொண்டு போய் நிறுத்தி, பஸ்ஸுக்காரனத் திட்டுனீங்களே!"

மாமா சுவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மூலையில் செல்வம் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தை அதோடு விடவில்லை. "தம்பி, எங்களுக்கும் பாருங்க" என்று இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் சொன்னார். அண்ணன் சரியான கணக்கில் போட்டார். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, கணவர் தலைக்கு ஆபத்து. வந்த காரியம் போச்சு என்று அப்பா எழுந்தேவிட்டார். மாமாவின் கை தானாகப் போய்த் தன் வழுக்கைத் தலையைத் தடவியது.

"தல அப்படியேதான் இருக்கு. முடிதான் போயிருச்சு" என்றார் அத்தை.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் மாமாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மாமா, ரெண்டு குடும்பமும் ஒத்துப்போன கடைசி இடம் எது?"

மாமா யோசித்தார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு. பையன் புடிச்சிருக்குன்னான். பொண்ணு தலைய ஆட்டுச்சு."

"அங்கேர்ந்து பையன் மாறிட்டாரா?"

"இல்ல" என்றார் மூலையிலிருந்த செல்வம், யாரும் அவரைக் கேட்பதற்கு முன்பே.

"பொண்ணு?"

புரோகிராமராகப் போயிருந்த நான், தரையைப் பார்த்துக்கொண்டு "இல்ல" என்றேன்.

"அப்ப மாறுனது எங்க மங்கலம் மட்டும்தான். அதுக்கு நான்தான் பொறுப்பு. அந்த எடத்துலேர்ந்து ஆரம்பிங்க மாமா." சொல்லிவிட்டு அடுக்குகளை மாட்ட ஆரம்பித்துவிட்டார். அத்தை அவரைப் போக விடவில்லை. டிபன் கேரியர் வைத்திருப்பவன் பட்டினியாகப் போகக் கூடாது என்று உட்கார வைத்துச் சோறு போட்டார்.

பரிசம் குறித்த நாளிலேயே நடந்தது. ஆனால் பாஸ் எழுதிய 'சும்மா' சுங்கை ரம்பாயிலிருந்து மலாக்கா பாசார் வரைக்கும் பஸ்ஸைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜோசியர் மங்கலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பஞ்சாங்கத்துக்கே திரும்பிவிட்டார். பாஸ், அண்ணனை வேலையைவிட்டுத் தூக்கினார். தூக்கியதோடு நிற்காமல், ஆத்திரத்தில் அலுவலகப் பிரதியில் எங்கெல்லாம் அவர் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் உட்கார்ந்து தன் கையாலேயே அழித்தார். நான் தடுத்துப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அன்று எனக்கு ஏற்பட்டது அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. துக்கம்.

கல்யாணம் மலாக்காவில், கோயில் மண்டபத்தில். ஒட்டுக்கட்டி அண்ணன் டிபன் கேரியரோடு வந்தார். மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று பந்தி பரிமாறியவர்கள் முணுமுணுத்தார்கள். தாலி கட்டி முடிந்து மேடையில் நின்றுகொண்டிருந்தபோது, பாஸ் வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார். ஆசீர்வாதம் செய்யக் கை தூக்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு என் காதில் குனிந்தார்.

"உன் காப்பி இருக்குதா?"

"என்னா பாஸ்?"

"மெஷின்ல வைரஸ். நெஜமாவே வைரஸ். எல்லாம் போச்சு. மோகன் மெஷினுக்கும் ஒட்டிக்கிச்சு. திங்கக்கிழம புதுப் பார்ட்டி வருது."

கழுத்தில் ஈரத் தாலியோடு நான் என்ன பதில் சொல்வது? கையில் மாலையோடு நின்ற என் வீட்டுக்காரர் இவர் யார் என்று என்னைப் பார்த்தார். அதற்குள் பாஸுக்குப் பின்னால் எவர்சில்வர் உரசும் சத்தம் கேட்டது. அண்ணன் மேடையிலேயே டிபன் கேரியரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேல் அடுக்கை எடுத்துப் பாஸிடம் நீட்டினார். அதில் 'பாஸ்' என்று ஒட்டியிருந்த காகிதம் அப்படியே இருந்தது.

பாஸ் அதை வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். "உன்னத்தான் வேலைய விட்டுத் தூக்கிட்டேன்லா. என் அடுக்க ஏன் வச்சிருக்க?"

"நீங்களும் ஒரு கிளைதானே பாஸ். எல்லாம் இருக்கு. நீங்க என்னைத் தூக்குனதையும் எழுதி வச்சிருக்கேன். காரணம்தான் காலியா இருக்கு, நீங்க சொல்லவே இல்ல."

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பாஸ் தொண்டையைச் செருமினார்.

"கோவம். கோவம்னு எழுதிக்க."

"சரி பாஸ்."

"அடுத்து இதையும் எழுதிக்க. திங்கக்கிழம திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன்."

"காரணம்?"

"சும்மா."

"சும்மான்னா ஏத்துக்க மாட்டேன் பாஸ். உங்களுக்கே தெரியும்."

பாஸ் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மண்டபத்தையே ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அந்த அடுக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார். "நீ இல்லாம முடியலடா."

அதன் பிறகு யாராவது சிரித்தார்களா, மேளம் எப்போது தொடங்கியது என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. கல்யாணப் படங்களில் ஒன்றில் மட்டும், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் மூடி பளபளக்கிறது.

எங்கள் கல்யாணமும் இப்போது நல்ல பழசாகிவிட்டது. சண்டைக்குக் குறைவில்லை. கத்தி முடித்து, கதவைச் சாத்தி, கதவைத் திறந்து, கடைசியில் இரண்டு பேரில் ஒருவர் கேட்டுவிடுவோம், நாம் ஒத்துப்போன கடைசி இடம் எது என்று. ஒவ்வொன்றாகப் பின்னால் போவோம். சில நாள் கொஞ்ச தூரம் போனால் போதும். சில நாள் சுங்கை ரம்பாய் ஹால் வரைக்குமே போக வேண்டியிருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் பயமில்லை. அங்கே, கைலியில் சுற்றிய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், மடியில் டிபன் கேரியரோடு, எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார் எங்கள் ஒட்டுக்கட்டி அண்ணன்.